அனிமேஷன் ஸ்லைடுகளைத் தாளில் அச்சிடுவது எப்படி?

புதிதாகப் பாடம் எடுக்க வரும் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், ஸ்கிரீன்ல எல்லாம் சரியா வருது. பிரிண்ட் எடுத்தா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்குது. எந்த செட்டிங்க மாத்தணும்?"

மாற்றுவதற்கு அப்படி ஒரு செட்டிங் பவர்பாயிண்டில் இல்லை. ஆனால் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும், வகுப்பில் ஒவ்வொன்றாக வந்ததை அதே வரிசையில் தாளிலும் கொண்டுவந்துவிடலாம். அந்த அரைமணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கணக்கு ஆசிரியர், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் பள்ளிப் பாடத்திலிருந்தே வரும். அலுவலகக் கூட்டத்துக்கு ஸ்லைடு செய்பவர்களுக்கும் இதே வழிதான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் பிரிண்ட் கொடுக்கும்போது பவர்பாயிண்ட் எடுத்துக்கொள்வது, ஸ்லைடு தயாரிக்கும்போது உங்கள் முன்னால் இருக்கும் அந்த எடிட்டிங் திரையை. அங்கே எல்லாப் படங்களும் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. கிளிக் செய்தால் வருவதும் இருக்கும், கிளிக் செய்தால் மறைவதும் இருக்கும். கிளிக் என்ற ஒன்றே தாளுக்குத் தெரியாது. 1987-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்த முதல் பவர்பாயிண்டின் வேலையே ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான கறுப்பு வெள்ளைத் தாள்களை அச்சிட்டுத் தருவதுதான். அனிமேஷன் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் என்ற அந்தப் பழைய கணக்கு அச்சில் இன்றும் மாறவில்லை.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மாணவியிடம். பிதாகரஸ் தேற்றத்துக்கு முக்கோணங்களை நகர்த்திக் காட்டும் ஒரு ஸ்லைடு செய்திருந்தேன். வகுப்பில் பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்த்தார்கள். முடிந்ததும் அதையே அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். மறுநாள் ஒரு பெண் அந்தத் தாளைக் கொண்டுவந்து, "சார், முக்கோணம் நகர்ந்த பிறகு வர்ற படம் இதுல இல்லையே" என்றாள். தாளைத் திருப்பினால், முக்கோணங்கள் நகர்ந்தபின் எப்படி இருந்தன என்று நினைவிலிருந்து பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். நான் கொடுத்திருக்க வேண்டிய பாதியை அவள் வரைந்திருந்தாள். அன்று வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்கு அந்தப் பாதி கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து, நான் பக்கத்தில் இல்லாதபோது இந்தத் தாள் தனியாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அச்சுக்குத் தயார் செய்கிறேன்.

எதைத் தொட வேண்டாம்

வேலையைத் தொடங்கும் முன் ஃபைலை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். "பிதாகரஸ் - அச்சு" என்பதுபோல் ஒரு பெயர் போதும். இனிமேல் சொல்வதெல்லாம் அந்தப் பிரதியில் செய்ய வேண்டியவை. மூல ஃபைலில் கை வைத்தால், அடுத்த வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு காணாமல் போன அனிமேஷனைத் தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. உங்கள் ஸ்லைடுகளில் பெரும்பாலானவற்றுக்கு எதுவுமே செய்ய வேண்டியதில்லை. ஐந்து வரிகள் கிளிக்குக்கு ஒன்றாக வருகின்றன என்று வையுங்கள். தாளில் ஐந்து வரிகளும் சேர்ந்து வரும், மேலிருந்து கீழாகப் படித்தால் வரிசை தானாகவே புரியும். இதை ஐந்து பக்கமாகப் பிரித்து அச்சிடுவது தாளுக்கும் கேடு, படிப்பவருக்கும் தொந்தரவு. ஸ்லைடு மாறும்போது வரும் டிரான்சிஷன் எதையும் கண்டுகொள்ள வேண்டாம். அது தாளில் வராது, வராததால் நஷ்டமும் இல்லை.

கவனிக்க வேண்டியவை மூன்றே வகை: நகரும் படம், ஒன்றை மறைத்து அதே இடத்தில் இன்னொன்று வரும் படம், கேள்விக்குப் பிறகு வரும் விடை.

நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எஃப்5 அழுத்தி ஸ்லைடு ஷோவை ஓடவிடுங்கள். வகுப்பில் பேசுவதுபோலவே பேசிக்கொண்டு கிளிக் செய்யுங்கள். எந்த இடத்தில் நீங்களாகவே நின்று, "இப்ப இதைப் பாருங்க" என்று சொல்வீர்களோ அதுதான் நிறுத்தம். பேருந்து எத்தனை முறை பிரேக் போட்டாலும் நாம் கணக்கில் வைப்பது ஆள் இறங்கும் நிறுத்தங்களைத்தானே, அதுபோல. ஸ்லைடு எண்ணையும் அங்கே எத்தனை நிறுத்தம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்: "7-ஆம் ஸ்லைடு, 2 நிறுத்தம். 11-ஆம் ஸ்லைடு, 4 நிறுத்தம்." பன்னிரண்டு கிளிக் உள்ள ஸ்லைடில்கூட இரண்டோ மூன்றோ நிறுத்தம்தான் இருக்கும்.

இந்தப் பட்டியலை எழுதாமல் நேராகக் கணினியில் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். எதைத் தாளில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இதில் பெரிய வேலை, மீதியெல்லாம் கை வேலை.

நகரும் படம்: பிதாகரஸ் ஸ்லைடு

அந்த ஸ்லைடையே எடுத்துக்கொள்வோம். பக்கம் 7 அலகு உள்ள ஒரு பெரிய சதுரம். அதன் நான்கு மூலைகளிலும் 3, 4, 5 அளவுள்ள நான்கு செங்கோண முக்கோணங்கள். ஒவ்வொன்றின் பரப்பு 6, நான்குக்கும் 24. பெரிய சதுரத்தின் பரப்பு 49. ஆக நடுவில் சாய்ந்து நிற்கும் வெற்றிடம் 25, அதாவது 5-இன் வர்க்கம். இது முதல் நிறுத்தம். பிறகு கிளிக் செய்தால் இடது கீழ் மூலை முக்கோணம் அப்படியே இருக்க, மற்ற மூன்றும் நகரும். வலது மேல் மூலையில் உள்ளது சரிவாக இறங்கி வந்து இடது கீழ் முக்கோணத்தோடு சேர்ந்து ஒரு செவ்வகம் ஆகும். வலது கீழ் மூலையில் உள்ளது 3 அலகு மேலே ஏறும், இடது மேல் மூலையில் உள்ளது 4 அலகு வலப்பக்கம் போகும். அவை இரண்டும் சேர்ந்து இன்னொரு செவ்வகம். இப்போது வெற்றிடம் இரண்டு சதுரங்களாகப் பிரிந்திருக்கும், ஒன்று 9, இன்னொன்று 16. முக்கோணங்கள் அதே நான்குதான், பெரிய சதுரமும் அதேதான், எனவே வெற்றிடமும் அதே 25. இது இரண்டாவது நிறுத்தம்.

நேராக அச்சிட்டால் முதல் நிறுத்தம் மட்டும் வரும். மோஷன் பாத் (படம் நகர்ந்து போகும் பாதை) கொடுத்த படம் எடிட்டிங் திரையில் கிளம்பும் இடத்தில்தான் நிற்கும், போய்ச்சேரும் இடத்தில் நிற்காது. சரி, இதை இப்படிச் செய்யுங்கள்.

1. இடப்பக்கப் பட்டையில் அந்த ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். அதே ஸ்லைடு இன்னொன்று கீழே வரும்.

2. கீழே உள்ள ஸ்லைடுக்குப் போய், அனிமேஷன் டேபில் அனிமேஷன் பேனைத் திறந்து, பட்டியலில் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யுங்கள்.

3. மூன்று முக்கோணங்களையும் அவை போய்ச்சேர வேண்டிய இடத்துக்குக் கையால் நகர்த்துங்கள். எங்கே போய்ச்சேர வேண்டும் என்று சந்தேகம் வந்தால் மேல் ஸ்லைடில் அந்த மோஷன் பாத் கோட்டைக் கிளிக் செய்து பாருங்கள். 2013 முதலான பதிப்புகளில், முடியும் இடத்தில் அந்தப் படத்தின் மங்கலான நிழல் தெரியும்.

4. மேல் ஸ்லைடுக்குத் திரும்பி, நகரப்போகும் மூன்று முக்கோணங்களிலிருந்தும் போகும் திசையில் மெல்லிய அம்புக்குறி வரையுங்கள். அம்புக்குறிக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போடுங்கள்.

நான்காவதை விட்டுவிடாதீர்கள். இரண்டு படங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்தால், எது எங்கே போனது என்று படிப்பவர் தடுமாறுவார். திரையில் அசைவு செய்த வேலையைத் தாளில் அம்புக்குறியும் எண்ணும்தான் செய்ய வேண்டும். முக்கோணங்களுக்கு நான்கு வேறு நிறம் கொடுத்திருந்தால் உள்ளே அ, ஆ, இ, ஈ என்று எழுத்தும் போட்டுவிடுங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத்தான் வரும்.

இனிமேல் புதிதாகச் செய்யப்போகும் ஸ்லைடுகளுக்கு ஒரு யோசனை. மோஷன் பாத்துக்குப் பதிலாக மார்ஃப் டிரான்சிஷன் பயன்படுத்துங்கள். பவர்பாயிண்ட் 2019-இலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் அது இருக்கிறது. முதல் நிலை ஒரு ஸ்லைடு, கடைசி நிலை அடுத்த ஸ்லைடு, இரண்டாவதுக்கு மார்ஃப் கொடுத்தால் நடுவில் உள்ள நகர்வைப் பவர்பாயிண்டே போட்டுக்கொள்ளும். இரண்டு நிலைகளும் தனித்தனி ஸ்லைடாக இருப்பதால் அச்சில் இரண்டும் தானாக வந்துவிடும். மேலே சொன்ன முதல் மூன்று படிகளையும் செய்ய வேண்டியதில்லை.

ஒரே இடத்தில் அடுக்கிய படங்கள்

அறிவியல் ஆசிரியர்களிடம் இது அதிகம். அவரை விதை முளைப்பதை நான்கு புகைப்படங்களாக எடுத்து, நான்கையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒன்று வரும்படி செய்திருப்பார்கள். அச்சிட்டால் மேலே உள்ள கடைசிப் படம் மட்டும் வரும். இலை விட்ட செடி தெரியும், விதை எங்கே என்று தெரியாது.

இதற்கு நான்கு ஸ்லைடு எடுப்பதைவிட ஒரே ஸ்லைடில் நான்கையும் சிறிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். வேர் வெளிவருவது, தண்டு வளைந்து மேலெழுவது, வித்திலை விரிவது, முதல் இலை. கண்ணை இப்படியும் அப்படியும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கத் தாள்தான் வசதி. திரையில் அடுத்த படம் வந்தால் முந்தையது போய்விடும், தாளில் நான்கும் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் தாளுக்குத் திரையைவிடப் பலம் அதிகம்.

அடுக்கிலிருந்து படங்களைப் பிரித்தெடுப்பதுதான் சிரமம். அடியில் இருப்பதைக் கிளிக் செய்தால் மேலே இருப்பது கையில் வரும். ஆல்ட் + எஃப்10 அழுத்துங்கள், வலப்பக்கம் செலெக்ஷன் பேன் திறக்கும். அந்த ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு வரியாக அதில் இருக்கும். பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் அந்தப் பொருள் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். மறைந்திருப்பது அச்சிலும் வராது. "பிக்சர் 7", "பிக்சர் 12" என்று புரியாத பெயர்களாக இருந்தால் பெயர்மேல் இரண்டு முறை கிளிக் செய்து "விதை", "வேர்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். படங்கள் பெரிதாகவே இருந்தாக வேண்டும், சிறிதாக்க முடியாது என்றால், ஸ்லைடைத் தேவையான அளவு பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த நிறுத்தத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்து மீதியைக் கண் அடையாளத்தால் மறைத்துவிடலாம்.

ஸ்லைடில் வீடியோ இருந்தால் அச்சில் அதன் முகப்புப் படம்தான் வரும். பல சமயம் அது வெறும் கறுப்புக் கட்டமாக இருக்கும். வீடியோவை நல்ல ஒரு காட்சி வரைக்கும் ஓடவிட்டு நிறுத்தி, வீடியோ ஃபார்மட் டேபில் போஸ்டர் ஃபிரேம், அதில் கரன்ட் ஃபிரேம் கொடுங்கள். அந்தக் காட்சியே தாளில் வரும்.

கேள்வியும் விடையும்

வகுப்பில் கேள்வியைக் காட்டி, பிள்ளைகளை யோசிக்கவிட்டு, பிறகு விடையைக் கிளிக் செய்வோம். அச்சிட்டால் கேள்விக்குக் கீழேயே விடை நிற்கும். பயிற்சித்தாளாகக் கொடுக்க நினைத்தவர்களுக்கு அதில் பயனே இல்லை.

இதற்குப் பலருக்கும் தெரியாத அழகான ஒரு வழி இருக்கிறது. வியூ டேபில் கிரேஸ்கேல் என்பதை அழுத்துங்கள். ஸ்லைடு சாம்பல் நிறத்துக்கு மாறும், மேலே புதிதாக ஒரு பட்டை வரும். விடை உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பட்டையில் "டோன்ட் ஷோ" என்பதை அழுத்துங்கள். பிறகு "பேக் டு கலர் வியூ" கொடுத்துத் திரும்பிவிடுங்கள். இனி அதே ஸ்லைடைக் கிரேஸ்கேலில் அச்சிட்டால் விடை வராது, கலரில் அச்சிட்டால் விடை வரும். பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளையில் கேள்வித்தாள், உங்களுக்குக் கலரில் ஒரே ஒரு விடைத்தாள், இரண்டும் ஒரே ஃபைலிலிருந்து. வகுப்பில் ஓடும் அனிமேஷனுக்கும் இதனால் எந்த பாதிப்பும் கிடையாது. இந்த ஒன்றை மட்டும் மூல ஃபைலிலேயே செய்யலாம்.

விடை தனிப் பெட்டியில் இருந்தால்தான் இது நடக்கும். கேள்வியும் விடையும் ஒரே பெட்டியில் இரண்டு வரிகளாக இருந்தால் விடையை வெட்டி வேறொரு பெட்டியில் ஒட்டுங்கள், அதற்கு உரிய அனிமேஷனையும் மறுபடி கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஃபைலில் இரண்டு தொகுப்பு

ஒரே பாடத்தை வருடா வருடம் எடுப்பவர்கள் அச்சுக்கு ஒரு ஃபைல், வகுப்புக்கு ஒரு ஃபைல் என்று வைத்திருந்தால், ஒன்றில் திருத்துவார்கள், மற்றதில் மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு கஸ்டம் ஷோ பொருந்தும். ஸ்லைடு ஷோ டேபில் கஸ்டம் ஸ்லைடு ஷோவைத் திறந்து "வகுப்பு" என்று ஒரு தொகுப்பு, "தாள்" என்று ஒரு தொகுப்பு உருவாக்குங்கள். அனிமேஷன் உள்ள ஸ்லைடு முதலாவதிலும், பிரித்து வைத்த பிரதிகள் இரண்டாவதிலும் இருக்கட்டும். பொதுவான ஸ்லைடுகள் இரண்டிலும் இருக்கலாம். அச்சிடும்போது "பிரிண்ட் ஆல் ஸ்லைட்ஸ்" என்று இருக்கும் இடத்தை அழுத்தினால் அந்தப் பட்டியலிலேயே "தாள்" என்ற பெயரும் இருக்கும். செட் அப் ஸ்லைடு ஷோவில் "வகுப்பு" தொகுப்பைத் தேர்ந்தெடுத்து வைத்தால் எஃப்5 அழுத்தியதும் அது மட்டும் ஓடும்.

நிறுத்தங்கள் மிக அதிகம், ஒவ்வொரு ஸ்லைடாகப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது என்றால் பிபிஸ்பிளிட் என்ற இலவச இணைப்பு மென்பொருள் இருக்கிறது. அதைப் பவர்பாயிண்டோடு சேர்த்துக்கொண்டால் அனிமேஷன் ஸ்லைடு ஒவ்வொன்றையும் படிப்படியாகத் தானே பல ஸ்லைடுகளாக உடைத்துத் தரும். திறந்திருக்கும் ஃபைலையே அது மாற்றிவிடும் என்பதால் கட்டாயம் பிரதியில்தான் ஓட்ட வேண்டும். உடைத்த பிறகு உட்கார்ந்து, உங்கள் நிறுத்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தேவையில்லாத ஸ்லைடுகளை அழியுங்கள். அழிக்காமல் அப்படியே அச்சிட்டால் 20 ஸ்லைடு பாடம் 90 ஆகி நிற்கும்.

பிரிக்கும்போது ஸ்லைடு எண்கள் மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வகுப்பில் "ஏழாவது ஸ்லைடைப் பாருங்க" என்று நீங்கள் சொல்ல, பிள்ளைகளின் தாளில் அது ஒன்பதாக இருக்கும். அச்சுப் பிரதியில் தானாக வரும் எண்ணை எடுத்துவிட்டு, 7-அ, 7-ஆ என்று கையால் எழுதிவிடுவதுதான் என் வழக்கம். பத்து நிமிட வேலை, ஆனால் வகுப்பில் அதன் பலன் தெரியும்.

பவர்பாயிண்ட் இல்லாதவர்களுக்கு

ஆப்பிள் கணினியில் கீநோட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதில் அச்சிடும்போதே "பிரிண்ட் ஈச் ஸ்டேஜ் ஆஃப் பில்ட்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் அனிமேஷனின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக அச்சாகும். பிடிஎஃப் எடுக்கும்போதும் இதே வசதி உண்டு.

கூகுள் ஸ்லைட்ஸில் அப்படி ஒன்றும் இல்லை, கன்ட்ரோல் + டி முறைதான். அச்சுக்கான பிரதிகளை "ஸ்கிப் ஸ்லைடு" என்று குறித்து வைத்தால் வகுப்பில் அவை ஓடாது. பிரிண்ட் பிரிவியூவில் "இன்க்ளூட் ஸ்கிப்ட் ஸ்லைட்ஸ்" கொடுத்தால் அச்சில் வரும். லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸிலும் ஸ்லைடைப் பிரதி எடுத்துப் பிரிப்பதுதான் எளிது. லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் பீமரில் ஸ்லைடு செய்யும் கல்லூரிக்காரர்களுக்குப் பிரச்சினை தலைகீழ், ஒவ்வொரு படியும் தனிப் பக்கமாகவே வரும். அவற்றைச் சேர்க்க டாக்குமென்ட் கிளாஸ் வரியில் ஹேண்ட்அவுட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், ஒரே ஸ்லைடின் படிகளெல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும்.

ஒரு தாளில் எத்தனை ஸ்லைடு

இப்போது ஃபைல், பிரிண்ட். "ஃபுல் பேஜ் ஸ்லைட்ஸ்" என்று இருக்கும் இடத்தை அழுத்தினால் ஹேண்ட்அவுட்ஸ் என்ற பகுதியில் 1, 2, 3, 4, 6, 9 என்று தெரிவுகள் இருக்கும். தாளை மிச்சப்படுத்த எல்லோரும் 6-ஐ அழுத்துவார்கள். அதற்கு முன் ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். இன்றைய 16:9 ஸ்லைடின் அகலம் 33.87 செ.மீ. ஏ4 தாளில் ஆறு ஸ்லைடு வைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 8 செ.மீ. அகலம்தான், அதாவது கால்வாசி. ஸ்லைடில் 24 பாயிண்ட் அளவுள்ள எழுத்து தாளில் 6 பாயிண்டுக்கு வந்துவிடும், 18 பாயிண்ட் எழுத்து நாலரைக்குப் போய்விடும். ஆங்கில எழுத்தையாவது கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். தமிழில் 'ணி'யின் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் அந்த அளவில் மை ஒட்டிக் கலந்துவிடும். "பக்கம்" என்பது "பககம்" ஆகிவிட்டால் என்ன பயன்?

படம் நிறைந்த, பிரித்த ஸ்லைடுகளுக்கு ஒரு தாளில் 2 என்பதே என் பரிந்துரை. எழுத்து ஏறத்தாழ பாதி அளவுக்குக் குறையும், படிக்க முடியும். இன்னொரு வசதி: பிதாகரஸின் முதல் நிலை மேலேயும் இரண்டாம் நிலை கீழேயும் ஒரே பக்கத்தில் நின்றால் ஒப்பிடுவது சுலபம். இரண்டும் வேறு வேறு பக்கத்தில் விழுந்துவிட்டால், முன்னால் ஒரு ஸ்லைடைச் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள். நான் பெரும்பாலும் "பயிற்சி" என்று தலைப்பு மட்டும் போட்ட ஒரு வெற்று ஸ்லைடை முன்னால் செருகிவிடுவேன், பிள்ளைகள் அதில் எழுதிக்கொள்வார்கள்.

3 என்ற தெரிவில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் பக்கத்தில் எழுதக் கோடு போட்டு வரும். குறிப்பெடுக்க அருமை, ஆனால் ஸ்லைடின் அளவு அதிலும் ஆறுக்குச் சமம்தான், கவனம். 4 அல்லது 6 வைத்தால் ஆர்டர் "ஹரிசான்டல்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் இடமிருந்து வலமாக வரிசை போகும். "வெர்டிகல்" என்று இருந்தால் நிலைகள் மேலிருந்து கீழாக இறங்கி, படிப்பவரைக் குழப்பும். அதே பட்டியலின் அடியில் "ஃபிரேம் ஸ்லைட்ஸ்" என்பதையும் டிக் செய்யுங்கள். வெள்ளைப் பின்னணி ஸ்லைடுக்கு எல்லைக்கோடு இல்லாவிட்டால் ஒரு நிலை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

நிறம்

வகுப்பறை இருட்டுக்காகக் கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்டிருப்பீர்கள். அதை அப்படியே அச்சிட்டால் டோனர் கொட்டும், தாள் நெளியும், ஜெராக்ஸ் எடுத்தால் திட்டுத்திட்டாக வரும். பிரிண்ட் பக்கத்தின் கடைசியில் "கலர்" என்று இருப்பதை "கிரேஸ்கேல்" ஆக்குங்கள். தீமின் பின்னணி வெள்ளையாகும், எழுத்து கறுப்பாகும். பின்னணியாகப் படத்தை நேரடியாக இன்சர்ட் செய்து வைத்திருந்தால் அது போகாது. செலெக்ஷன் பேனில் அதை மறைத்துவிடுங்கள், வெள்ளை எழுத்து மறையாமல் இருக்கிறதா என்றும் பிரிவியூவில் பாருங்கள். "பியூர் பிளாக் அண்ட் வொயிட்" பக்கம் போக வேண்டாம், படங்களின் நிழல் வேறுபாடெல்லாம் போய்விடும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போகும் முன்

பென் டிரைவில் பவர்பாயிண்ட் ஃபைலை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். யூனிகோடில் செய்திருந்தாலும் வேறொரு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகள் பெட்டியை விட்டு வெளியே ஓடும். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துரு உள்ளேயே போய்விடும், எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

பிடிஎஃப் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம். "சேவ் ஆஸ்" வழியாக எடுத்தால் கலரிலேயே, கருநீலப் பின்னணியோடு வரும். "டோன்ட் ஷோ" கொடுத்து மறைத்த விடைகளும் திரும்ப வந்துவிடும். அதற்குப் பதில் பிரிண்ட் பக்கத்திலேயே பிரிண்டர் என்ற இடத்தில் "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்பதைத் தேர்ந்தெடுத்து, ஹேண்ட்அவுட்ஸ் 2, கிரேஸ்கேல் என்று வைத்து பிரிண்ட் கொடுங்கள். நீங்கள் முடிவு செய்தபடியே பிடிஎஃப் கிடைக்கும்.

கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஏ4, கறுப்பு வெள்ளை, ரெண்டு பக்கமும், பக்கத்துக்கு ஒண்ணு." கடைசியில் சொன்னது முக்கியம். தாளைச் சேமித்துக் கொடுப்பதாக நினைத்து அவர்கள் இரண்டு பக்கத்தை ஒரே பக்கத்தில் சுருக்கிவிடுவது உண்டு. அப்படிச் செய்தால் நீங்கள் போட்ட எழுத்தளவுக் கணக்கு முழுவதும் வீணாகிவிடும். தாள் நின்ற வாக்கில் இருப்பதால் இரண்டு பக்கம் அடிக்கும்போது நீளமான ஓரத்தில் திரும்பும்படி, அதாவது "லாங் எட்ஜ்" என்று வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

நாற்பது பிரதி வேண்டுமென்றாலும் முதலில் ஒன்று மட்டும் எடுக்கச் சொல்லி, கடை வாசலில் வெளிச்சத்தில் நின்று பாருங்கள். மிகச் சிறிய எழுத்தில் உள்ள புள்ளிகள் தெரிகின்றனவா, அம்புக்குறிகள் சாம்பலில் கரைந்துவிடவில்லையே, 7-அ மேலேயும் 7-ஆ கீழேயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா, விடை எங்கேயும் எட்டிப் பார்க்கவில்லையே. எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே போய் மீதி முப்பத்தொன்பதையும் போடச் சொல்லுங்கள்.